அலமாரிக்கு அடியில்

பிராகான்சாவிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம்.
வயதைச் சரிபார்ப்பது என் வேலை.
ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது,
தாளைப் பார்க்க வேண்டும்.

எலிசெயு கின்டானில்யா.
நூற்றுப் பதிமூன்று என்றது அடையாள அட்டை.
காடு வா வா என்றும் வீடு போ போ என்றும்
கூப்பிட்டுச் சலித்து
இரண்டுமே வாயை மூடிக்கொண்ட வயது.

நூற்றுப் பத்தைத் தாண்டியவர்களுக்கு
எங்கள் அலுவலகத்தில் அட்டவணை கிடையாது.
நாணயம் ஒன்று போதும்.
வருடத்துக்கு ஒரு தரம் சுண்ட வேண்டும்,
பூ விழுந்தால் இன்னொரு வருடம்.
மூன்று பூ தொடர்ந்து விழ
எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு.
அந்த எட்டில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று
வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதலில் மாதாகோவில்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் எலி மூத்திரக் கறை.
அந்த ஒரு வருடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
பென்சிலால் தொட்டுக்கொண்டே போனேன்:
பிரேசிலுக்குப் போனவர்கள்,
வுல்ஃப்ராம் சுரங்கத்தில் நெஞ்சு கல்லானவர்கள்,
ஒருவன் கிணற்றில்.
ஜூன் மாதத்தில் எலிசெயு.
அடக்கப் பதிவேட்டில் பதினாலு மாதம் கழித்து
அதே எலிசெயு. கக்குவான் இருமல்.

பிறகு மூன்று வருடம் சொச்சம் தள்ளி, ஓர் அக்டோபரில்
அதே தாய், அதே தகப்பன், இன்னொரு எலிசெயு.
செத்த பிள்ளையின் சட்டையோடு
பெயரையும் மடித்து வைத்திருந்து
அடுத்தவனுக்குப் போட்டிருக்கிறார்கள்.
பின்னால் எந்த எழுத்தரோ, என்ன தூக்கக் கலக்கமோ,
மூத்தவன் தேதியை இளையவன் அட்டையில் ஏற்றிவிட்டார்.

ஆக, நூற்றுப் பத்து.
மூன்று பூ இல்லை.
முதல் நாணயமே இன்னும் காற்றில்தான்.

வீட்டில் முட்டைக்கோஸ் சூப்பின் வாசனை.
சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சி.
சுவரில் சாய்த்து வைத்த பதாகை, ஊராட்சி அச்சடித்தது:
வாழ்த்துகள், 114.
மகள் இடாலினாவுக்கே எண்பத்தொன்று.
சேதியைக் கேட்டுவிட்டு அவர் பதாகையைத்தான் பார்த்தார்.
"கத்தரிக்கோல் இருந்தால் நாலை ஒன்றாக்கிவிடலாம்" என்றார்.
"ஆனால் ஜூனில் கட்டக்கூடாது, இல்லையா?"

கிழவர் கரண்டியை வைத்தார்.
"எனக்கு முன்னால் ஒருவனா?"
"ஆமாம்."
"எத்தனை நாள் இருந்தான்?"
"பதினாலு மாதம்."
கன்னத்தை உள்ளுக்கிழுத்துக்கொண்டு யோசித்தார்.
"அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது
சில நேரம் வாசல் பக்கம் பார்ப்பாள்.
நான் பின்னால் அடுப்படியில்தான் நிற்பேன்."

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு, இனி எத்தனை என்று கேட்டார்.
பொய் சொல்லிப் பழக்கமில்லாததால்
பையிலிருந்து இரண்டு யூரோ எடுத்து விளக்கினேன்.
"கொடு" என்று வாங்கி,
நான் தடுக்கும் முன்பே
கட்டைவிரலால் சுண்டினார்.
நகம் மட்டும் அசைந்தது போலிருந்தது;
நாணயம் மேசையில் மோதி, தரையில் உருண்டு
அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

இடாலினாவுக்கு முழங்கால் மடங்காது.
நான்தான் படுத்துப் பார்த்தேன்.
தூசி, ஒரு துணிக் கவ்வி,
எந்தக் கல்யாணத்தின் மீதியோ ஒரு பாதாம் மிட்டாய்.
சுவரோரம் ஏதோ மினுங்கியது.
கை எட்டவில்லை.
பூவா தலையா, தெரியவில்லை.

"கிடக்கட்டும்" என்றார், சூப்பை இழுத்துக்கொண்டு.
"ஆறிப்போகிறது."

படிவத்தை மடியில் வைத்து நிரப்பினேன்.
வயது: நூற்றுப் பத்து ஆண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு நாள்.
நிலை: உயிருடன்.
நேரம் கேட்கும் வழக்கமில்லை; இருந்தாலும் எழுதினேன்,
மாலை நாலு இருபது.

திரும்பும் பேருந்தில் சில்லறை குறைந்தது,
சரியாக இரண்டு யூரோ.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து
பரவாயில்லை,
அடுத்த தடவை வரும்போது கொடுங்கள் என்றார்.